துடைத்து வைத்த கண்ணாடி

என்னங்க,

வேலை முடிஞ்சு வந்ததும் சாப்பிடுங்க, மூடி வெச்சிருக்கேன். யார் பெல் அடிச்சாலும் கதவுச் சங்கிலியை எடுக்காம பேசுங்க.

புரோக்கர் சாயந்தரம் வீடு காட்டுறாராம். ரூம் ரெண்டும் தீப்பெட்டிதான், ஆனா கார் கேட்டுக்குள்ள நிக்கும். "மனுஷனுக்கே இடமில்ல, காருக்கு மாளிகையா?"ன்னு மறுபடி ஆரம்பிக்காதீங்க. தெருக்கோடியில காரை விட்டுட்டு இருட்டுல நடந்து வர்றது நான்தான்.

அந்தச் சண்டைக்கு மறுநாள்லேருந்து தினம் காலையில கார் கண்ணாடி பளபளன்னு துடைச்சிருந்துச்சு. மனுஷனுக்கு வாய் திறந்து சாரி சொல்ல வராது, விடியக்காலைல வேலைக்குப் போறப்ப துடைச்சுட்டுப் போறாரேன்னு உருகிப் போயிட்டேன். நேத்து அதைச் சொன்னா, "நான் எங்க துடைச்சேன்?"னு முழிக்கிறீங்க. ராத்திரி பொட்டுக்கூடத் தூங்கல.

சரி, கிளம்பறேன். சாயந்தரம் நீங்களும் கூட வாங்க.

பி.கு: கீழ கார்கிட்டப் போயிட்டு ஓடி வந்து எழுதறேன். போன் அடிச்சேன், நீங்க எடுக்கல. நான் பஸ்ல போறேன். காரோட மாத்துச் சாவி பீரோவுல இருக்கான்னு பாருங்க. தனியா கார்கிட்டப் போகாதீங்க.

இன்னிக்கு உள்பக்கமும் துடைச்சிருக்கு.