விரிசலுக்குள் பச்சை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமனார் எழுதுவது. வீட்டில் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே உன்னோடு இருக்கும் குழந்தைக்கு முன்பல் விழுந்த செய்தியை உன் அத்தை தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே உன் அத்தை தோளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவள் அதற்கு விளக்கம் சொல்கிறாள். அதனால்தான்.

விஷயம் உங்கள் பழைய காரைப் பற்றியது. இரண்டு வருடத்துக்கு முந்தைய விபத்துக்குப் பிறகு முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி ஷெட்டில் நிறுத்தியதோடு சரி, யாரும் தொடவில்லை. போன வாரம் என் மகன் திடீரென்று அதை விற்றுவிடலாம் என்றான். ஏன் என்று கேட்டேன். "இடத்தை அடைக்குதுப்பா" என்றான். ஷெட்டில் அந்தக் காரைத் தவிர ஓர் ஏணியும் இரண்டு வாளியும்தான் இருக்கின்றன.

ஒருவர் வந்து பார்த்தார். பல் டாக்டர். பழைய வண்டி என்றால் உயிராம். கூட வந்த இரண்டு பெண் குழந்தைகளும் நேராகப் பின்சீட்டில் ஏறிக் குதித்தார்கள். நீ தைத்த உறை, அவ்வளவு குதித்தும் ஒரு தையல்கூட விடவில்லை. எல்லோரும் டயரை உதைத்துப் பார்ப்பார்கள். இவர் தொழில் புத்தி, கதவு இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தார். இடது கதவின் இடைவெளி மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருந்தது. "சேசிஸ் வளைஞ்சிருக்குமோ சார்?" என்று கேட்டார். உனக்குத் தெரியாததில்லை, அடியில் ஓடும் அந்த இரண்டு நீள இரும்புச் சட்டங்களின் மேல்தான் மொத்த வண்டியும் உட்கார்ந்திருக்கிறது. அவன் உடனே, "அதெல்லாம் இல்ல, அடிப்பக்கம் முழுக்க நானே பார்த்ததுதான்" என்றான்.

எனக்கு அந்தப் பெண்கள் குதித்ததுதான் கண்ணில் நின்றது. பரிசோதித்துவிட்டு விற்போம் என்று சொல்லிவிட்டேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனான். ஊர் நிலத்தையெல்லாம் அளந்து பென்ஷன் வாங்குகிறவன் நான். என் ஷெட்டில் நிற்கிற வண்டியை அளக்காமல் அடுத்தவர் தலையில் கட்ட மாட்டேன்.

வண்டி உங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. வாங்கியதும் இரண்டு பேர், பிரித்துப் போட்டுத் திரும்பச் சேர்த்ததும் இரண்டு பேர். விற்க உனக்குச் சம்மதமா என்று ஒரு வரி எழுது. அங்கே ஆபீஸில் சாப்பாட்டுக்கு நேரம் விடுகிறார்களா என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் மாமா


அன்புள்ள மருமகளுக்கு,

உன் பதில் வந்தது. "எனக்கு அந்த வண்டியில் ஒன்றும் இல்லை, உங்கள் இஷ்டம்." நான் கேட்டது ஒரு வரி, நீ எழுதியதும் ஒரு வரி. குறை சொல்ல வழியில்லை. சாப்பாட்டைப் பற்றித்தான் பதில் இல்லை.

பரிசோதனை முடிந்துவிட்டது. கண்டதை அப்படியே எழுதுகிறேன். இதில் நான் யாருக்கும் வக்காலத்து வாங்கவில்லை.

வெல்டரை வரவழைத்தேன். எந்நேரமும் கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பதால் தெருவில் அவருக்கு 'நாலு கண்' என்று பெயர். அவர் கீழே குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நேராத்தான் இருக்கு சார், பெயிண்ட் அடிச்சுத் தள்ளிவிடுங்க" என்றார். பார்வைக்கு எனக்கும் நேராகத்தான் தெரிந்தது. ஆனால் தன் வேலி நேராக இருக்கிறது என்று சொல்லாத ஆளை என் உத்தியோகத்தில் நான் சந்தித்ததே இல்லை. அதனால் வண்டியைச் சமமாக ஸ்டாண்டில் ஏற்றச் சொன்னேன். இரண்டு சட்டங்களிலும் ஜோடி ஜோடியாக இருக்கும் போல்ட் துளைகளிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடுகிற இடத்தில் தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தோம். பிறகு வண்டியை மறந்துவிட்டுப் புள்ளிகளை மூலைக்கு மூலை குறுக்காக அளந்தோம். பின்பாதியில் இரண்டு குறுக்களவும் ஒன்றுபோல் வந்தன. முன்பாதியில் வரவில்லை. இடது முன்மூலை கட்டைவிரல் அகலத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தது.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வண்டி சுவரில் மோதியது அந்த மூலையில்தான். அவனும் அதைத்தான் சொன்னான். "இடிச்சா வளையத்தான்பா செய்யும்." அதோடு முடித்திருக்கலாம்.

ஆனால் வளைவு தொடங்கும் இடம் மோதிய இடமாக இல்லை. அதற்குப் பின்னால், முன்சக்கரத்தைத் தாங்கும் பிடி சட்டத்தோடு சேரும் இடத்தில் தொடங்கியது. அங்கே தார் கனமாகப் பூசியிருந்தது. நாலு கண் அதைச் சூடாக்கிச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டார். தாருக்கு அடியில் ஓர் ஒட்டுத்தகடு! யாரோ எந்தக் காலத்திலோ வெல்டு வைத்து ஒட்டியது. அவர் அதைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவினார். துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைத் தூவினார். கொஞ்ச நேரத்தில் தகட்டின் விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஓர் ஈரக்கோடு தூளில் ஊறி வந்தது. விரிசல்.

தகட்டை அறுத்து எடுத்தோம். தகட்டுக்கு அடியிலும் விரிசல் ஓடியது. சட்டத்தை லேசாக விரித்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தோம். மேல்பாதியில் மெல்லிய துரு மட்டும்தான், விபத்தன்று விட்ட பகுதி, இரண்டு வருடத்துத் துரு. கீழ்ப்பாதி அதைவிடப் பழசு, கறுத்துப் போயிருந்தது. அந்தக் கறுப்பின் மேல், விரிசலுக்கு உள்ளே, பச்சை பெயிண்ட் இறங்கிக் காய்ந்திருந்தது.

இந்த வண்டி உங்களிடம் வரும்போதே பச்சை. அதை வெளிப்பக்கம் முழுக்கச் சுரண்டிவிட்டு நீங்கள் அடித்தது வெளிர்மஞ்சள். ஆகவே அந்தப் பச்சை உள்ளே இறங்கும்போதே விரிசல் இருந்திருக்கிறது. வண்டி உங்கள் கைக்கு வருவதற்கு முன்னாலேயே.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "பிரேக்கை மிதிச்சேன் மாமா, வண்டி தானா இடது பக்கம் இழுத்துக்கிட்டுப் போச்சு." உன் அத்தை அதற்கு, "பேசிக்கிட்டே ஓட்டினா இழுக்கத்தான் செய்யும்" என்றாள். அவன் பக்கத்து ஸ்ட்ரெச்சரில் கட்டுப்போட்ட கையோடு கண்ணை மூடிப் படுத்திருந்தான். தூங்கிவிட்டான் என்றுதான் அன்று எல்லோரும் நினைத்தோம். கொஞ்ச நாளில் நீ அந்த ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

நாலு கண்ணிடம் கேட்டேன், இப்படி ஒரு விரிசல் இருந்தால் பிரேக் போடும்போது என்ன ஆகும் என்று. அந்தப் பக்கத்துச் சக்கரம் பின்னால் நகரும், வண்டி அந்தப் பக்கமே திரும்பும், ஸ்டியரிங்கைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது என்றார். "யாராலும்" என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். விரிசல் இல்லாமலிருந்தால் விபத்தே நடந்திருக்காது என்று நான் எழுத மாட்டேன். அது எனக்குத் தெரியாது. நீ சொன்னது நடக்கக்கூடியதுதான் என்பது தெரியும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நாலு கண் சாதாரணமாகத்தான் கேட்டார், "இந்தத் தார் நீங்க அடிச்சதா தம்பி?" என்று. அவன், "ஏற்கெனவே இருந்துச்சு. மேலே இன்னொரு பூச்சு அடிச்சேன்" என்றான். "சுரண்டிப் பார்க்கலையா?" "இல்ல." சீட்டும் வயரிங்கும் உன் பொறுப்பு, அடிப்பக்கம் அவன் பொறுப்பு என்று நீங்கள் பிரித்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. அவன் டார்ச்சை வாங்கிக்கொண்டு திரும்ப வண்டிக்கு அடியில் போனான். நாலு கண் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

சாப்பிடும்போது உன் அத்தை, இவ்வளவு ஆராய்ச்சிக்கும் பேசாமல் பழைய இரும்புக்குப் போட்டிருக்கலாம் என்று ஆரம்பித்தாள். அவன் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டான். "அம்மா, அவ அன்னைக்குச் சொன்னது நிஜம். நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். அவ ஸ்டியரிங்கை வலது பக்கம்தான் திருப்பினா. நான் பார்த்தேன். அடிப்பக்கம் என் வேலைன்னு வாயை மூடிக்கிட்டேன்" என்றான். உன் அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடியும் கழுவினாள். இந்தக் கடிதத்தில் உன் பங்குக்கு ஒரு வரி எழுது என்று அவளிடம் பேனாவைக் கொடுத்தேன். மூடியைத் திறந்து மறுபடி மூடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பல் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். "வேர் அழுகின பல்லுக்கு மேலே தொப்பி போட்டிருக்காங்க" என்றார். கோபப்படவில்லை, நன்றி சொல்லிவிட்டுப் போனார். நல்ல சட்டம் கிடைத்தால் முன்பாதியை வெட்டி மாற்றலாம், சிரமமான வேலை என்கிறார் நாலு கண். இல்லாவிட்டால் பிரித்துப் போட வேண்டியதுதான். அதை நான் முடிவு செய்வதாக இல்லை.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் அவன் உன்னிடம் வருகிறான். உன் அத்தை தானும் வருகிறேன் என்றாள். "முதல்ல நான் போறேம்மா" என்று சொல்லிவிட்டான். அந்த இடது முழங்கை இன்னும் முழுக்க நீளாது. பையைத் தூக்கச் சிரமப்படுவான். நீ ஓடிப்போய் வாங்காதே, அவனே தூக்கிக்கொண்டு வரட்டும். ஆனால் வாசலில் நிற்க வைத்துப் பேசி அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடாதே அம்மா. உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசுவான். அவன் விஷயத்துக்கு வரும்வரை நீ பொறுத்துக்கொள்.

கேட்ட பிறகு நீ என்ன முடிவு செய்தாலும் சரி. உன்னை மருமகள் என்று சொல்வதை நான் நிறுத்தப் போவதில்லை. நீயும் குழந்தையும் எந்த ஊரில் இருந்தாலும் மனசில் பாரமில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் மாமா