சூடை மீனுக்குத் தலை எந்தப் பக்கம்

செவ்வாய்

விடியவே காத்து. குறிஞ்சிப்பிட்டிப் பாதை முழுக்க மணல், ஹெல்மெட்டுக்குள்ளயும். உடுப்பெல்லாம் கருவாட்டு மணம். கொழும்பு வேலைய விட்டதுக்கு உம்மா இன்னும் ஏசுறா. ஆனா பகல் சோறு அவட கையால. அல்ஹம்துலில்லாஹ்.

செய்ய:
- கெமரா துடைக்க
- உம்மாட மருந்து
- உச்சமுனைப் படங்கள் திரும்பவும்

உச்சமுனைத் தீவு விசயம் மோசம். ஜெசிந்தா அக்கா தீவில சூடைக் கருவாட்டத் தட்டில அடுக்கி, போனில படம் எடுத்து அனுப்புறா. படத்தப் பாத்து நல்லது, கழிவு எண்டு சொல்றது நான் பழக்கின கொம்பியூட்டர் மொடல். அவட தட்டெல்லாம் கழிவாம். என்ட கண்ணுக்கு நல்லாத்தான் இருந்திச்சு, ஆனா மெஷின நம்பினன். கம்பனிச் சேர் சொல்லிட்டார், "இந்தக் கிழமையோட தீவில கருவாடு எடுக்கிறத நிப்பாட்டுவம்." ஓம் எண்டு தலையாட்டினன். அங்க ஆறு குடும்பம் எங்களத்தான் நம்பி. ஒரு மீனும் வீணாகப்படாது எண்டு தொடங்கின கம்பனி இது.

புதன்

மழைக்குறி. பெய்யல்ல. பகல் வரைக்கும் மொடலோட மல்லுக்கட்டு. கோவத்தில ஒரு பக்கற் பிஸ்கட் முழுசா.

பின்னேரம் தரம் பிரிக்கிற மேசைக்குப் போனன். பரீதாதான் அங்க பொறுப்பு, என்னோட ஒரே வகுப்பு. மொடல் படிச்ச படமெல்லாம் அவவும் மத்தவங்களும் அடுக்கினதுதான். வலக்கையில போன், மத்தக் கையால நல்ல மீன் ஒண்டத் தூக்கினன்.

"சீ! பீச்சாங்கையாலயா, மெஷின் மேடம்? சாப்பிடுற சாமான்!"

"அப்ப கழிவ?"

"அதுக்குத்தானே இடக்கை. எப்பவும் அப்பிடித்தான்."

பாத்துக்கொண்டு நிண்டன். எல்லாரும் வாலில பிடிச்சு வைக்கிறாங்க. வலக்கையால வச்சா தலை இடப்பக்கம். இடக்கையால வச்சா வலப்பக்கம்.

ஓடிப்போய்ப் படங்களத் திறந்தன். யா அல்லாஹ். நல்லதுக்கெல்லாம் தலை இடப்பக்கம், கழிவுக்கெல்லாம் வலப்பக்கம். மொடல் மீனப் பாக்கவே இல்ல, தலை இருக்கிற பக்கத்த மட்டும் பாத்திருக்கு! படத்த இடம் வலம் திருப்பியும் பழக்கோணும், எல்லாரும் செய்யிறதுதான். நேரம் போகும் எண்டு விட்டவ நான். மடச்சி.

ஜெசிந்தா அக்காக்குப் போன் எடுத்தன். எந்தக் கையால அடுக்குறீங்க எண்டு கேட்டன்.

"இடக்கை தங்கச்சி. சின்னனில இருந்தே அப்பிடித்தான். ஏன்?"

வியாழன்

சேரிட்ட சொல்லிட்டன். பிழை என்ட, தீவில இல்ல எண்டு. அவர் கேட்டது, "திருத்த எத்தின நாள்?" நாளைக்குள்ள எண்டன். அவ்வளவுதான். ஏசவே இல்ல. அல்லாஹ் அவருக்கு நல்லத நாடட்டும்.

பரீதாக்கு பிஸ்கட் ரெண்டு பக்கற். "உன்ட மெஷினுக்குப் புத்தி சொன்னதுக்கு இது காணாது" எண்டா. உண்மைதான்.

வெள்ளி

புழுக்கம். திருப்பின படங்களோட பழக்கி முடிஞ்சுது. உம்மாட மருந்து மறந்திட்டன், ஏச்சு.

சனி

ஜெசிந்தா அக்கா கருவாட்டோட தானே வள்ளத்தில வந்திட்டா. இண்டைக்குத்தான் நேரில பாக்கிறன். மன்னிப்புக் கேட்டன். சிரிச்சா. "இந்தக் கைக்குப் பள்ளிக்கூடத்தில பிரம்படி. இப்ப மெஷினும் அடிச்சிட்டுது, என்ன?"

எனக்குச் சிரிப்பு வரல்ல.

படத்துக்கு அடுக்கச் சொன்னன். வலக்கையால, ஒவ்வொண்டா, தடுமாறித் தடுமாறி வைக்கிறா.

"அக்கா, உங்கட கையால வையுங்க."

என்னயே பாத்தா. பிறகு கைய மாத்தினா. சரசரெண்டு தட்டு நிறைஞ்சுது, தலையெல்லாம் வலப்பக்கம். படம் எடுத்திட்டுக் கண்ண மூடிட்டன். பரீதாதான் போனப் பாத்துக் கத்தினா, "நல்லது! எல்லாம் நல்லதாம்!"