கூடையில் வந்த துணி

லிஸ்பன், ஜூன் 3

அன்பு மகன் அடெரிட்டோவுக்கு,

அம்மா எழுதுவது. முழங்கால் வலி போக மற்றதெல்லாம் நலம். லக்சம்பர்க்கில் உனக்கு வேலை நிரந்தரமானதில் சந்தோஷம்.

நம் கட்டடத்தில் இப்போது நான் ஒருத்திதான். கீழ்வீட்டு ஹெர்மீனியாவும் வீட்டைக் காலி செய்யப் பணம் வாங்கிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரை போய்விட்டாள். மீன் வாங்க இரண்டு பஸ் மாறுகிறாளாம். மற்ற வீடெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு. ஒரு ராத்திரி வாடகை என் பென்ஷனில் பாதி. கொடுக்கிறார்கள், மடையர்கள்.

கட்டடத்தை வாங்கிய புது முதலாளியை யாரும் கண்டதில்லை. அவர் ஆள் துவார்த்தேதான் வருவான். காலுறை இல்லாமல் ஷூ மாட்டும் ரகம். போன வருஷம், விருந்தினர் முகம் சுளிக்கிறார்கள், சன்னலில் துணி காயப்போடக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினான். நாற்பத்திரண்டு வருஷக் கொடியை அவிழ்த்துச் சமையலறையில் கட்டினேன். சுவரெல்லாம் பூஞ்சை.

செவ்வாய்க்கிழமை அதே ஆள் ஒரு கூடையோடு வந்தான். உள்ளே பூவேலை போட்ட மேலங்கிகள், கட்டம்போட்ட துண்டுகள், எல்லாம் கடைப் புதுசு.

"டோனா டியோலிண்டா, இதைத் தினம் காலைல சன்னல்ல தொங்கவிடுங்க. தெருவுல உயிரே இல்லைன்னு விருந்தாளிங்க குறை எழுதுறாங்க. மாசம் நாப்பது யூரோ தர்றோம்" என்றான்.

"ஊரைக் காலி பண்ணிட்டு, மிச்சமிருக்கிற என்னை ஊரு மாதிரி வேஷம் கட்டச் சொல்றியா?" என்று கேட்டேன். சிரிக்கிறான், வெட்கங்கெட்டவன்.

துண்டுகளைத் தரை துடைக்க வைத்துக்கொண்டேன். மறுநாள் சன்னலில் உன் அப்பாவின் ஒட்டுப்போட்ட உள்ளாடைகள் ஏழையும் தொங்கவிட்டேன். அதையும் நாலு பேர் நின்று படம் எடுத்தார்கள்!

துவார்த்தே மூச்சிரைக்க ஓடிவந்தான். "உங்களுக்கு எதுக்கு இந்த வீம்பு? உங்க மகனே போன வாரம் போன் பண்ணி, அம்மா காலி பண்ணக் கையெழுத்துப் போட்டா எவ்வளவு தருவீங்கன்னு கேட்டாரே!" என்றான். பொய் சொல்லாதே என்று முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினேன்.

அப்புறம்தான் உன் போன கடிதத்தை எடுத்துப் படித்தேன். படியேற உனக்குக் கஷ்டமாயிருக்குமே அம்மா என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய்.

இந்த வயதில் வாடகைக்கு இருக்கும் என்னை, நானாகக் கையெழுத்துப் போடாமல் சட்டப்படி வெளியேற்ற முடியாது. நான் போடவில்லை, போடவும் மாட்டேன். நான் செத்தால் இந்த வீட்டால் உனக்குச் செல்லாக்காசும் வராது, அதுவும் தெரியும்.

கடவுள் உன்னையும் பிள்ளைகளையும் நன்றாக வைக்கட்டும். துவார்த்தே சொன்னது பொய் என்று ஒரு வரி எழுது, மகனே. நீ எழுதுவது பொய்யானாலும் பரவாயில்லை, நம்பிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
டியோலிண்டா