தேவதானத்துக்கு இரண்டு பஸ்

இன்று காலை வார்டு பிரிண்டரில் உன் புரோகிராம் அச்சிட்ட தாளைச் சூடாக எடுத்தபோது மையின் வாசனை மூக்கில் ஏறியது. நீயாக இருந்தால் முகத்தோடு வைத்து மோந்துவிட்டுத்தான் என்னிடம் தந்திருப்பாய். பள்ளியில் புதுப் புத்தகம் கொடுத்த நாட்களிலும் நீ அப்படித்தான். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே பெஞ்சில் படித்தோம். நான் நர்ஸாகி இதே ஊர் மருத்துவமனையில் விபத்து வார்டுக்கு வந்தேன். நீ கம்ப்யூட்டர் படித்து ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாய். உன் அப்பா மம்சாபுரம் பக்கம் வண்டியோடு விழுந்து காலை முறித்துக்கொண்டபோது எங்கள் வார்டில்தான் இருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு அனுப்பினோம். மூன்றாம் வாரம் சீழ் பிடித்த காலோடு திரும்பி வந்தார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

"நான் யாரையும் குத்தம் சொல்லல ஏட்டி. ஆனா திரும்ப வருவாருன்னு அனுப்புத அன்னைக்கே யாருக்காவது தெரிஞ்சிருக்கணும்ல?" என்றாய்.

பதிலை நீயே தேடினாய். மருத்துவமனையில் அனுமதி வாங்கி, பெயர்களை நீக்கிய பழைய கேஸ் ஷீட்டுகளைக் கொண்டு ஒரு செயற்கை நுண்ணறிவு புரோகிராம் செய்தாய். அடிபட்டு வந்தவர் வீட்டுக்குப் போகும் நாளில், அவர் மறுபடி வார்டுக்குத் திரும்பி வரும் வாய்ப்பு எவ்வளவு என்று அது சொல்லும். வெறும் எண் போதாது என்பதில் பிடிவாதமாக இருந்தாய். "ஏன் அப்படிச் சொல்லுதுன்னும் அது சொல்லணும். காரணம் தெரியாம ஒரு ஆளுக்கு நாம என்ன செய்ய முடியும்?"

சோதனையாக ஓட்டிய முதல் மாதத்தில்தான் மாடசாமி அண்ணாச்சி வந்தார். தேவதானத்தில் தென்னை மரத்திலிருந்து விழுந்து, காலுக்குள் கம்பி வைத்திருந்தது. காயம் சுத்தமாக இருந்தது. புரோகிராம் மட்டும் 'வாய்ப்பு அதிகம்' என்றது. காரணங்களில் முதலாவதாக ஊர்ப் பெயர், அடுத்ததாக சர்க்கரை.

எலும்பு டாக்டர் சிரித்துவிட்டார். "ஊர்ப் பேர வச்சுச் சொல்றதுக்கு மெஷின் எதுக்கும்மா? ஜோசியர் போதுமே."

உன் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் வெளியே வந்ததும், "அவர் கேக்குறது நியாயம்தான்" என்றாய். இரண்டு நாள் ரெக்கார்டு அறையிலேயே உட்கார்ந்தோம். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் அநேகம் பேர் டிரெஸ்ஸிங் மாற்ற வரவே இல்லை. ஏன் என்று எந்த ஷீட்டிலும் எழுதியிருக்கவில்லை. அண்ணாச்சியிடமே போய்க் கேட்டோம்.

"இங்கருந்து ராஜபாளையத்துக்கு ஒரு பஸ்சு. எறங்கி எங்கூருக்கு இன்னொரு பஸ்சு. பொறவு தோப்பு வீட்டுக்கு நடை. இந்தக் கால வச்சிக்கிட்டு எம்புட்டு தடவதான் வர? ஒருக்கா வருவேன் தாயி. மறுக்கா வர மாட்டேன்."

அதை அப்படியே எழுதி டாக்டரிடம் நீட்டினாய். அவர் இரண்டு முறை வாசித்தார். "காயம் நல்லாத்தான் இருக்கு. வழிதான் சரியில்ல" என்று சொல்லி, அவரே அந்தப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு போன் போட்டு, டிரெஸ்ஸிங்கை அங்கேயே மாற்ற ஏற்பாடு செய்தார். பத்தாம் நாள் தையல் ஓரம் சிவந்திருப்பதை அங்குள்ள நர்ஸ் கண்டு சொன்னார். மாத்திரை மாற்றியதில் அடங்கிவிட்டது. ஒன்றரை மாதம் கழித்து அண்ணாச்சி கம்பை ஊன்றிக்கொண்டு எக்ஸ்ரே எடுக்க வந்தார். எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அந்தக் கால் அவருக்கு இருந்தது. நீ படிக்கட்டில் நின்று அவர் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு புரோகிராமிலிருந்து ஊர்ப் பெயரை எடுத்துவிட்டாய். எத்தனை பஸ், எவ்வளவு நடை, வீட்டில் துணைக்கு யார் என்ற கேள்விகள் வந்தன. "ஒரு ஊர்ல பொறந்தது ஒரு வியாதியா?" என்றாய்.

மதுரையில் டாக்டர்கள் கூட்டத்தில் நீ பேசியபோது, அதற்குள் உனக்குப் புற்றுநோய் வந்து, சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டியிருந்தது. தலையில் நீலத் துணி கட்டியிருந்தாய். எல்லாரும் தங்கள் வெற்றியில் ஆரம்பித்தார்கள். நீ மட்டும், "எங்க புரோகிராம் முதல்ல அரைகுறையாத்தான் சொன்னது. காரணத்தையும் சேர்த்துச் சொன்னதால எங்களால அதோட சண்டை போட முடிஞ்சது. மீதியை ஒரு தென்னந்தோப்புக்காரர் சொன்னார்" என்று தொடங்கினாய். கடைசி வரிசையில் எழுந்து நின்று கை தட்டியவர் நம் எலும்பு டாக்டர். பக்கத்தில் இருந்தவரிடம் நான், "எங்கூட ஒரே பெஞ்சுல படிச்சவ" என்றேன். அவர் கேட்கவே இல்லை; நானாகத்தான் சொன்னேன்.

இப்போது யாரை வீட்டுக்கு அனுப்பினாலும், மருந்தைச் சொல்வதற்கு முன் அவர் போகும் வழியைக் கேட்கிறேன். போன வாரம் கான்சாபுரத்துக்காரம்மா ஒருவர், "இதெல்லாமா நர்சம்மா கேப்பிய?" என்றார்.

"கேக்கணும்மா" என்று சொல்லிவிட்டு, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன்.