குச்சிக்கிழங்குக் காட்டில் ஒரு குட்டை

4 செப்டம்பர் 2023

களையெடுக்கக் கூப்பிட்ட ஆள் வரவில்லை. நானே இறங்கினேன். கையில் டேப்போடு ஒரு பெண் வரப்பில் வந்து நின்றாள். ரஞ்சிதாவாம், ஜேடர்பாளையமாம், சமூகத் தணிக்கைக்கு வந்திருக்கிறாளாம்.

"அக்கா, உங்க பண்ணைக்குட்டையை அளக்கோணுங்க."

எந்தக் குட்டை? கணக்குப்படி இரண்டு வருடத்துக்கு முன்பே நூறு நாள் வேலையில் என் காட்டில் குட்டை வெட்டி, கூலியும் கொடுத்தாயிற்றாம். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மரவள்ளிக் குச்சிக்கிழங்குதான் நின்றது.

"நல்லாப் பாரு, செடிக்கு அடியில கெடக்குதோ என்னமோ."

முறைத்துவிட்டு எழுதிக்கொண்டு போனாள். எங்கள் ஊராட்சித் தலைவர் என் பெரிய மாமனார் காளியண்ணன். சொந்தப் பங்காளி காட்டிலேயே கை வைத்திருக்கிறார் மனுஷன்!

5 செப்டம்பர்

பெரிய மாமனார் வந்தார், கூடவே ஊராட்சிச் செயலர் தீனதயாளன்.

"அந்தப் புள்ளை வேற யாரு காட்டையோ பாத்துருச்சுன்னு சொல்லிக்கறோம் அம்மணி. எட்டாந்தேதி கிராம சபையில யாராச்சும் கேட்டா, குட்டை இருக்குதுன்னு சொல்லீரு."

"இல்லாததை எப்படிங்க மாமா இருக்குதுங்கறது?"

"இருந்தாச் சொல்லுவயல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார். திமிர்.

6 செப்டம்பர்

கண் டாக்டரைப் பார்க்க அஸ்தம்பட்டி போயிருந்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் காட்டுக்கு நடுவில் குழி. ஜேசிபி தடம் ரோடு வரைக்கும் கிடக்கிறது.

பாவிகளா — தையில பிடுங்க வேண்டிய கிழங்கு! மாவு ஏறாத கிழங்கை எந்த ஜவ்வரிசி மில்லுல எடுப்பான்? கரை பூரா நறுக்குன துண்டாக் கெடக்குது. ஒத்தையாளா நட்டு, ஒத்தையாளாத் தண்ணி கட்டினேனே. நல்லா இருப்பாங்களா?

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். சென்னியப்பன் — ரிக் வண்டி டிரைவர், சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறார். "பெரியப்பா கேட்டாரு, வெட்டிக்குங்கன்னேன். சும்மா வர்ற குட்டையை வேண்டாங்கறதா?" என்றார். நிலம் அவர் பெயரில். போனை வைத்துவிட்டேன்.

7 செப்டம்பர்

சமைக்கவில்லை.

8 செப்டம்பர்

பள்ளிக்கூட மைதானத்தில் தணிக்கைக்கான கிராம சபை. குட்டை இல்லை என்று ரஞ்சிதா வாசித்தாள். இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார் தீனதயாளன். முந்தாநாள்தான் ஜேசிபி வைத்து வெட்டினார்கள் என்று நான் எழுந்து சொன்னேன். ஊரில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. வெட்டாத குட்டைக்குக் கூலி வாங்கியவர்கள் எப்படித் திறப்பார்கள்?

"இது குடும்பச் சண்டைங்க. நெலத்துக்காரரையே கேட்டுரலாம்" என்று தீனதயாளன் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, மைக் முன்னால் பிடித்தார்.

"சென்னியப்பண்ணா, உங்க காட்டுல குட்டை இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"இருக்குதுங்க. நான்தான் வெட்டச் சொன்னேன்."

தீனதயாளன் பெருமையாகச் சபையைப் பார்த்தார். அதோடு வைத்திருக்கலாம். ரிக் ஓட்டுகிறவருக்குக் குழி பறிக்கும் பேச்சு என்றால் நிற்குமா?

"முந்தாநேத்து ஒரே ஜேசிபிதானுங்க! நாலு மணி நேரத்துல முடிச்சுப் போட்டாங்க. எங்க பெரியப்பா நெனச்சா ஆகாததா?"

சபை கொல்லென்று சிரித்தது. பெரிய மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

20 அக்டோபர்

கூலிப் பணத்தைத் தலைவரும் செயலரும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது. தீனதயாளனை மாற்றிவிட்டார்கள். பெரிய மாமனார் வீட்டோடு பேச்சு நின்றுவிட்டது. வீட்டுக்காரர் போனில் என்மேல் எரிந்து விழுகிறார்: "ரெண்டு வருசத்துக்கு முந்தின கணக்குன்னு எங்கிட்ட யார்றீ சொன்னது?" என்னிடம் கேட்டுவிட்டு வெட்டச் சொல்லியிருந்தால் சொல்லியிருப்பேன்.

10 நவம்பர்

நல்ல மழை. குட்டை நிரம்பி, தப்பி நின்ற செடியும் வேரழுகிச் சாய்கிறது. மூடிவிட்டுத் தையில் புதுக்குச்சி நடலாம் என்று ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டேன். புதிதாக வந்திருக்கும் செயலர் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"மூடீராதீங்க அக்கா. சபை முடிஞ்சப்பறம் தணிக்கைக்காரங்க மறுபடியும் நேர்ல போய்ப் பாத்து, குட்டை இருக்குதுன்னு எழுதிட்டுப் போயிருக்கறாங்க. அடுத்த தடவை வந்து அளக்கறப்ப இல்லீன்னா, கேஸ் உங்க மேலதான் வரும்."