கணினிக்கு அம்மா தைத்த உறை

பிளிட்டார்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மஸ் வார்தோயோவுக்கு,

உங்கள் மனைவி வுர்யானி எழுதுவது. நானும் உங்கள் அம்மாவும் நலம். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? கொரியாவில் குளிர் தொடங்கிவிட்டதாக உங்கள் கூட்டாளி தெகூ சொன்னார். விடுப்பு முடிந்து கிளம்புகிறவரிடம் இந்தக் கடிதத்தையும் அம்மா இடித்த வேர்க்கடலைச் சம்பலையும் கொடுத்தனுப்புகிறேன். சம்பலை அறையில் எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டு நீங்கள் வெறும் சோற்றைத் தின்னாதீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது.

இந்த மாதக் கடைசிக்குள் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று நீங்கள் சொல்லியாக வேண்டும். என் கல்யாணப் பத்திரிகை வேலை காலூன்றினால் திரும்பி வருவதாகவும், இல்லாவிட்டால் மறுபடி கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னீர்கள். அந்த வேலையே நீங்கள் விட்டுப்போன கிழட்டுக் கணினியை நம்பித்தான் இருக்கிறது. அதுவோ கொஞ்ச காலமாக என் உயிரை வாங்கிவிட்டது.

பூ வேலைப்பாடு போட்டு, பெயர்களைக் கோத்து, ஒரு பத்திரிகை உருவாகி வரும் நேரம் பார்த்து வடிவமைக்கும் செயலி சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். திறந்தால் மறுபடி மூடிக்கொள்ளும். சில நாள் கணினியே அணைந்துவிடும். வைரஸ் என்று நினைத்துத் துப்புரவு செய்தேன். இடம் போதவில்லையோ என்று பழைய படங்களை அழித்தேன் (நம் கல்யாணப் படங்கள் பத்திரம், பயப்படாதீர்கள்). செயலியை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். பெட்டியைத் திறந்து நினைவக அட்டையை உருவி, நீங்கள் செய்வதுபோல் பென்சில் ரப்பரால் தேய்த்தும் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைத்தெருவில் பழுது பார்க்கும் சுயூத்திடம் தூக்கிப்போனேன். அவர் கடையில் நாள் முழுக்கச் சமர்த்தாக ஓடியது. வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டது. கோளாறு கணினியில் இல்லை, உங்கள் வீட்டில்தான் என்று சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

இதற்கு நடுவில் ஊர்த் தலைவர் லூராவின் மகள் கல்யாணப் பத்திரிகை வேலை வந்தது. அந்த வீட்டு வேலை, நம் ஊரில் அதைவிடப் பெரிய விளம்பரம் ஏது? அழைப்போர் வரிசையை அடித்து முடிக்கும்போது செயலி மூடிக்கொண்டது. மறுபடி அடித்த அவசரத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா பெயர் விட்டுப்போயிற்று. நல்லவேளை, அச்சுக்குப் போகுமுன் மாதிரித் தாளிலேயே பார்த்துவிட்டார்கள். பெரியப்பா கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டாராம். லூராவின் மனைவி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவள் சிரித்தபடி டீ கொடுத்த விதத்திலேயே அடுத்த தவறுக்கு இடமில்லை என்று புரிந்துவிட்டது. வரும் வழியெல்லாம் அழுதேன். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் கணினி ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே வெளியே பார்த்தேன். அம்மாவின் உறை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

நம் வீட்டில்தான் தண்ணீர்க் குடுவை முதல் சோற்றுப் பானை வரை சுருக்கு வைத்த சட்டை போட்டிருக்கிறதே. நீங்கள் விமானம் ஏறிய வாரமே உங்கள் பழைய சட்டைத் துணியில் அம்மா கணினிப் பெட்டிக்கும் ஓர் உறை தைத்து நாடாவால் கட்டிவிட்டார். செயலி மூடிக்கொள்ள ஆரம்பித்ததும், பெட்டிக்குள் தூசி போகிறது என்று உறைக்கு உள்ளே கெட்டித் துணி வைத்துத் தைத்தார். பிறகு இன்னொரு மடிப்பு. கணினி தடுமாறத் தடுமாற இவர் போர்த்தினார். இவர் போர்த்தப் போர்த்த அது சூட்டில் வெந்தது.

காய்ந்த உறையை அம்மா மறுபடி கட்டிவிட்டார். இதை எப்படி அவரிடம் சொல்வது? நம் ஊர் வழக்கப்படி ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். பூனையிடம் பேசுகிற மாதிரி, பாவம், இந்தப் பெட்டிக்கு மூச்சு முட்டுகிறதோ என்னவோ என்றேன். அம்மா எழுந்து போய் மின்விசிறியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே வைத்தார்.

மறுநாள் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் கையைப் பிடித்து உறைக்குள் வைத்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"காய்ச்சல்ல கெடக்குற புள்ளைக்கு யாராச்சும் கம்பளி போத்துவாங்களா? வாயத் தொறந்து சொன்னா என்ன? பூனைக்கிட்ட சொன்னா எனக்கு வெளங்குமா?" என்றார்.

நான் நாடாவை அவிழ்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டு அவரே அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, நேரமாயிற்று. என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அவன் வந்து அவன் கையால அவுக்கட்டும்னுதான் கட்டி வெச்சேன்."

போனில் உங்களிடம் இன்னும் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வா, இங்கே ஒரு குறையும் இல்லை என்று சொல்கிறாரே, அதே அம்மாதான். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சுயூத் வந்து உள்ளே அடைந்த தூசியைத் தூரிகையால் தட்டி, சூட்டை இறக்கப் பூசியிருந்து காய்ந்துபோன குளிர்ப்பசையை மாற்றினார். இப்போது காலை முதல் மாலை வரை ஓடுகிறது. லூரா வீட்டுப் பத்திரிகை அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. பெரியப்பா பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்திலேயே போட்டேன், அவருக்கு மகிழ்ச்சி. கல்யாண மாதம் வருவதால் இன்னும் இரண்டு வீட்டார் வந்து பேசியிருக்கிறார்கள். கணினி கிழம்தான், என்றைக்காவது நின்றுபோகும். அப்போது இங்கே நீங்கள் இருந்தால் எனக்குப் பயமில்லை.

வேலை ஊன்றிவிட்டதா என்று கேட்டால், ஊன்றத் தொடங்கியிருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். முழுக்க ஊன்றும்வரை காத்திருக்க நினைக்காதீர்கள். இதை ஜாடையாகச் சொல்ல எனக்கு இனி மனமில்லை. அம்மா சொல்லமாட்டார், அதனால் அவருக்கும் சேர்த்து நானே கேட்கிறேன். கையெழுத்துப் போடாதீர்கள், மஸ். வந்துவிடுங்கள்.

உங்கள் வரவை வேண்டிக்கொண்டிருக்கும்,
வுர்யானி