வாசல் உயரம்

என் நெட்டைக்கு,

நமக்குன்னு ஒரு வீடு தேடி அலைஞ்சப்போ, ஒவ்வொரு வீட்டிலயும் சமையலறை வாசலை உன் தலையாலதானே அளப்ப! ஒரு வீட்டுல 'டங்'குன்னு இடிச்சுது. "எனக்கு வீட்டைப் பிடிச்சிருக்கு, வீட்டுக்குத்தான் என்னைப் பிடிக்கல"ன்னு நெத்தியைத் தேய்ச்ச.

இன்னைக்கு அதே வீட்டுக்குப் புரோக்கர் மறுபடி கூட்டிட்டுப் போனார். "சாருக்குத் தலை இடிக்கும்னுதானே வேண்டாம்னீங்க? அவர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே, இனி யாருக்கும்மா இடிக்கப்போகுது?"ன்னார். நரம்பில்லாத நாக்கு. என்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார்.

அப்புறம் அந்த வாசலைத் தாண்டினேன். என் தலைக்கு மேல ஒரு முழம் இடம் கிடக்கு. ஆனாலும் உன்னை மாதிரியே குனிஞ்சேன்.

அதுக்கப்புறம் நிமிரவே முடியலடா.

உன்
குட்டை